யாரிடம் அனுமதி கேட்பது? கொழும்பில் சுகாதார முறைமை படித்த அனுபவம்

பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நோய்ப்பரவலியலுக்கும் புள்ளிவிவரவியலுக்கும்தான் பயப்படுவார்கள். அவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது, பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. இரவிரவாகப் படித்தாவது கரையேறிவிடலாம். சுகாதார முறைமையை ஆய்வுக்கு எடுத்தவர்களைப் படுத்தி எடுப்பது வேறு சங்கதி: இந்த வைத்தியசாலை யாருடையது, வினாக்கொத்தோடு உள்ளே நுழைய யார் கையெழுத்து வேண்டும்?

என் ஆய்வு சாதாரணமான ஒரு கேள்வியில் தொடங்கியது. வீட்டுக்கு அருகிலேயே அரசாங்க வைத்தியசாலை இருக்கும்போது, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாந்த மருந்து எடுக்க மக்கள் ஏன் நகரின் பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகிறார்கள்? இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. எந்த ஊர்க்காரரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம். சிறிய இடத்திலிருந்து சிபாரிசுக் கடிதம் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. நம் சுகாதார சேவையின் பெருமையும் அதுதான், வெளிநோயாளர் பிரிவின் நெரிசலுக்கு ஒரு காரணமும் அதுதான்.

நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் உண்மையான அலைச்சல் ஆரம்பமானது. 1987இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்துக்குப் பின் சுகாதாரம் மாகாண சபைகளுக்கும் பகிரப்பட்டது. தேசிய வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை போன்றவை மத்திய அமைச்சின் கீழ். மாவட்டத்தின் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். கொழும்பு நகருக்குள் மாநகர சபைக்கு என்று தனியான பொதுச் சுகாதாரத் திணைக்களம். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து பஸ்ஸில் சற்று நேரம் போனாலே மூன்று ஆட்சிகளையும் கடந்துவிடலாம். விரிவுரையில் 'ஆளுகை' என்று ஒரே தலைப்பில் முடிந்துபோன விஷயம், வெளியே மூன்று கடிதத் தலைப்புகளாக நின்றது.

ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் மேசை மாறி மாறிப் போய்க் கடைசியில் காணாமலே போனது. எரிச்சல்தான், மறைப்பதற்கில்லை. பணிப்பாளரைச் சந்திக்கக் காத்துக் கிடப்பதை விட்டு, அந்த விடயத்துக்குப் பொறுப்பான எழுதுநர் யார் என்று கேட்கத் தொடங்கியபோதுதான் கோப்பு அசைந்தது. இப்போது படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆய்வு முன்மொழிவின் சுருக்கம், நெறிமுறைக் குழுவின் கடிதம், மேற்பார்வையாளரின் கடிதம் மூன்றையும் பல பிரதிகள் எடுத்துக் கையோடு வைத்திருங்கள். பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையை உங்கள் பிரதியில் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

கிளினிக் வரிசையில் தரவு சேகரித்தது மட்டும் எனக்கு அலுக்கவே இல்லை. மட்டக்குளியிலிருந்து வந்த ஓர் அம்மா, விடிவதற்கு முன்பே வந்து நம்பர் எடுத்தவர், பொலித்தீன் பையிலிருந்து தன் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். மூலைகள் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து, பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் பின்னட்டையில் குத்தப்பட்டிருந்தன. பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போகாததற்குக் காரணம் கேட்டேன். "அங்கே மருந்து தருவார்கள் பிள்ளை, இரத்தம் பார்க்க வெளியே காசு கொடுக்க வேண்டும். இங்கே ஒரு நாள் போனாலும் எல்லாம் முடிந்துவிடும்" என்றார். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று எழுதிவைத்திருந்த ஆய்வுரைகள் எனக்கு அதன் பிறகு பிடிக்கவில்லை. அவர் கணக்குப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

அதே வைத்தியசாலையில் டெங்கு நோயாளி ஒருவர் அனுமதிக்கப்பட்டால் நடப்பதைப் பாருங்கள். விடுதி வைத்தியர் தொற்றுநோயை அறிவிக்கும் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்புகிறார். அது நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருகிறார், வாராந்தத் திரட்டு தொற்றுநோயியல் பிரிவைச் சேர்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் வழிவந்த ஏற்பாடு இது. தடுப்புப் பணிக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் இருக்கிறவருக்கு ஓர் அதிகாரி உண்டு. கர்ப்பிணித் தாய்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் அப்படித்தான் இருக்கிறார். நீரிழிவுக்காரருக்கு அந்தக் கொப்பியை விட்டால் வேறொன்றும் இல்லை. அதைப் பஸ்ஸில் தவறவிட்டால் அவருடைய பல வருட வரலாறும் போய்விடும்.

ஆய்வேட்டின் பரிந்துரைகளில் ஒவ்வொன்றுக்கும் நேரே அதைச் செய்ய வேண்டிய பதவியைக் குறிப்பிட்டேன். அலைந்து திரிந்ததில் கிடைத்த பட்டியல்தானே! வாய்மொழிப் பரீட்சையில் தேர்வாளர் ஒருவர், நோயாளிகளை வசிப்பிட வைத்தியசாலையில் கட்டாயமாகப் பதிவுசெய்தால் போதாதா என்று கேட்டார். இரத்தம் பார்க்க வசதியில்லாத இடத்தில் பதிந்துவிட்டு எப்படிக் கட்டிப்போடுவது என்று கேட்டேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வுகூட வசதி பற்றிய பரிந்துரையை மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு மாற்றச் சொன்னதும் அவற்றில் ஒன்று.