ஐம்பத்தெட்டு இஞ்ச் குச்சி

ஜூலை 4, வெள்ளி. நாகர்கோவில்

இரவு பதினொன்றரை. நாளையிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்சி வைக்க முப்பத்திரண்டு படங்களையும் கட்டி முடித்தாச்சு. இருபது லினோகட் அச்சுகள் (லினோலியப் பலகையில் செதுக்கி, மை தடவி எடுப்பது), பன்னிரண்டு நீர்வண்ணம். எல்லாம் நாங்கள் ஆறு பேர் செய்தவை. போன வருஷம் இரண்டு கண்ணாடி உடைந்ததால் இந்தத் தடவை எல்லாச் சட்டத்துக்கும் அக்ரிலிக். கீறல் விழும், பரவாயில்லை. முகத்தோடு முகம், முதுகோடு முதுகு என்று அடுக்கி, நடுவில் பழைய போர்வை.

மும்பை சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம் 2015-லிருந்து பேருந்துக்குள்ளேயே காட்சி வைத்து ஊர் ஊராகப் போகிறது. குளிர்சாதனமெல்லாம் உண்டு. நமக்கு வாய்த்தது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. ஓட்டுகிற அண்ணன் வாழைக்குலை ஏற்றிப் பழகியவர். "பூவன் குலைய நசுங்காம கொண்டு போறவனுக்கு இது பெரிய காரியமா சாரே" என்றார்.

கடைசியாக ஏற்றியது குச்சியை. ஆறடி ரீப்பர் கட்டை, 58 இஞ்சில் சிவப்புக் கோடு. படத்தின் நடு அந்தக் கோட்டுக்கு வரணும். நிற்கிற ஆளின் கண்மட்டம் என்று கணக்கு. காலரிகளில் 57, 58, 60 என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். எனக்குக் கல்லூரியில் 58 என்று கையில் ஏறிவிட்டது.

ஜூலை 5, சனி. குலசேகரம் பக்கம்

ஒரு படிப்பகத்தில் வைத்தோம். பத்து மணிக்குத் திறப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். பத்துக்கு ஒருவரும் இல்லை, பதினொன்றுக்கு நாய் ஒன்று வந்து போனது. எங்கள் முட்டாள்தனம்தான். ரப்பர் ஊரில் விடியுமுன்னே வெட்டப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து, குளித்துச் சாப்பிட்டுத்தான் ஆள் வெளியே வரும். இரண்டரைக்குமேல் நிறைய பேர் வந்தார்கள்.

ஐம்பது வயதிருக்கும் ஒருவர், பால்வெட்டுத் தொழிலாளி, பதினேழாம் எண் படத்தின் முன் நின்றுகொண்டே இருந்தார். ரப்பர் மரம், சாய்ந்த வெட்டு, கீழே சிரட்டை. கறுப்பு மரத்தில் பால் ஒழுகும் கோடு மட்டும் வெள்ளை. எனக்கும் பிடித்த படம்.

"இது தப்பாக்கும் சாரே."

"எதுண்ணே?"

"வெட்டு. இடது மேல தொடங்கி வலது கீழ வரணும். இது தலைகீழாட்டு கெடக்கு. இப்படி வெட்டினா பால் கொறஞ்சுபோவும்."

பட்டைக்குள்ளே பால்குழாய்கள் நேர் நிமிர்ந்து போவதில்லையாம், கொஞ்சம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். விரலால் காற்றில் வெட்டிக் காட்டினார். எனக்குப் பதில் இல்லை. வரைந்தவன் என் நண்பன், ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவன். அவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது. லினோவில் செதுக்குவது அச்சில் இடவலம் மாறி விழும். பலகையில் சரியாகத்தான் வெட்டியிருப்பான். எழுத்து வந்தால் திருப்பிச் செதுக்க ஞாபகம் வரும், மரத்துக்கு யாருக்கு வருகிறது! முப்பது பேர் பார்த்த நாகர்கோவில் காட்சியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, நான் உட்பட.

ஜூலை 6, ஞாயிறு. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே ஓர் ஊர்

வலை பின்னும் கூடத்தில் இடம் கொடுத்தார்கள். இந்தக் கரையில் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. வள்ளத்துக்குத் தடை கிடையாது, ஆனால் ஆனிக் கடல் விடவேண்டுமே. அதனால் ஆம்பிளைகள் ஊரில் இருந்தார்கள்.

மூன்று பக்கமும் திறந்த கூடம், வெளிச்சம் கொட்டுகிறது. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். போனில் அளந்தால் ஆயிரத்தைத் தாண்டியது. பன்னிரண்டையும் சுவரோரம் கொண்டுபோய், முன்னால் ஒரு பாயைத் தொங்கவிட்டேன்.

ஆணி அடிக்கக் கூடாது என்பதால் உத்திரத்திலிருந்து தங்கூசியில், அதாவது நைலான் தூண்டில் நூலில், தொங்கவிட்டோம். நான் போட்ட முடிச்சைப் பார்த்து ஒருவர் சிரித்தேவிட்டார். "தங்கூசி வழுக்கும் மக்கா. இது பூசை முடியதுக்குள்ள கழண்டுரும்." ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இழுத்தார். எச்சில் எதற்கு என்றேன். காய்ந்தபடி இழுத்தால் சூடேறி நூல் தளர்ந்துவிடுமாம். பிறகு முப்பத்திரண்டையும் அவரே கட்டினார். என்னைத் தொடவிடவில்லை.

பூசை முடிந்து பெண்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வேண்டாம் என்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து அண்ணாந்து ஒரு பார்வை, அப்புறம் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து பேச்சு. எனக்கு உள்ளூரக் கோபம். ஒரு கிழவியிடம் "பிடிக்கலையா பாட்டி?" என்று கேட்டேவிட்டேன்.

"நீதான் திருஇருதயப் படம் மாதிரி ஒசரத்துல போட்டிருக்கியே மோனே. கும்பிடவா, பாக்கவா?"

அவர் வீட்டிலும் ஏசுவின் திருஇருதயப் படம் உண்டு: கதவுக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து, சிவப்பு பல்போடு. இந்துக்கள் வீட்டில் அதே இடத்தில் லட்சுமியும் சரஸ்வதியும். ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கி அந்தப் படங்களை வீடு வீடாக அனுப்பினார். அவர் பிறந்த கிளிமானூரும் அன்று திருவிதாங்கூர், நாங்களும் 1956 வரை அந்தப் பக்கம்தான். படம் என்றால் மேலே, ஆள் என்றால் கீழே என்று நூறு வருஷப் பழக்கம் இருக்கிறது.

முடிச்சுக்காரரிடம் கெஞ்சி எல்லாவற்றையும் இறக்கினோம். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக, சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி. அவ்வளவுதான், பெண்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மீன் படத்தில் செதிலை எண்ணினார்கள். சந்தைப் படத்தில் இருந்தவளை "இது நம்ம ஊர்க்காரி இல்ல, கூடை வச்சிருக்க விதமே சரியில்ல" என்று தள்ளினார்கள். நாலு மணிக்குக் கட்ட ஆரம்பிக்கும்போது இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூலை 7, திங்கள்

ஓய்வு. பத்மநாபபுரம் போகலாம் என்று நினைத்து, திங்கள் அரண்மனை விடுமுறை என்பது தக்கலை பஸ்ஸில் ஏறியபின் ஞாபகம் வந்தது. போனாலும் மேல்மாடிச் சுவரோவியங்களைப் பார்க்க விடுவதில்லை. வீட்டுக்கு வந்து சட்டங்களின் பின்பக்கம் பார்த்தேன். ஒரு நாள் கடற்காற்றுக்கே நாலு கொக்கி துருப்பிடித்திருக்கிறது.

ஜூலை 12, சனி. பேச்சிப்பாறைக்கு மேலே

முதலில் ஒத்துக்கொண்ட பள்ளி நேற்று இரவு பின்வாங்கிவிட்டது, காரணம் சொல்லவில்லை. மலைவாழ் காணிக்காரர் குடியிருப்பு ஒன்றில் சமுதாயக்கூடம் திறந்துவிட்டார்கள். மழை. கரண்ட் இல்லை. படங்களை பெஞ்சில் சாய்த்து வைத்தோம். பிள்ளைகள் குப்புறப் படுத்து, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அச்சு மையின் மேடு தெரிந்தது. காலரி விளக்கில் நான் அதைப் பார்த்ததில்லை. குச்சி கூரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாயைத் தூக்கி நின்றது.

ஜூலை 13, ஞாயிறு. திரும்பும் வழி

நண்பனிடம் கேட்டு லினோ பலகையை வாங்கி வைத்திருந்தேன். குலசேகரத்தில் வண்டியை நிறுத்தி விசாரித்தால், அந்தப் பால்வெட்டு அண்ணன் டீக்கடையில் இருந்தார். பலகையை நீட்டினேன். திருப்பிப் பார்த்தார். அச்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"அட, இதுல சரியாட்டுல்லா இருக்கு!"

கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி விழும் என்று விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் கவனம் அதில் இல்லை. பெருவிரல் நகத்தை வெட்டின பள்ளத்துக்குள் விட்டு, மேலிருந்து கீழே ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் பலகையை என் கையில் கொடுத்தார்.

"ஆழம் கூடிப்போச்சு சாரே. மரம் பட்டுப்போவும்."