மோரிஸ் மைனர் முன் சஸ்பென்ஷன்: இடது பக்கம் பிரித்துக் கட்டியாயிற்று

பிரேக்கை மிதித்தால் முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் வேறொரு முனகல். வண்டி 1959 மாடல் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். இந்த வயதில் எங்கிருந்தாவது சத்தம் வருவது சகஜம்தான். கதவுச் சத்தத்தை வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளலாம். மைனரின் முன் சக்கரத்திலிருந்து வரும் சத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஏன் என்பது அதன் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மிலிருந்து தரைத்தகட்டுக்கு அடியில் நீளமான எஃகுக் கம்பி ஒன்று பின்னோக்கிப் போகிறது. அதுதான் டார்ஷன் பார். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் முறுக்கு அவிழும். மேலே தனியாக ஒரு ஆர்ம் இல்லை. லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கையே அந்த வேலையையும் பார்க்கிறது. மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நிற்பது கிங்பின், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் செங்குத்துத் தண்டு. அதன் இரண்டு முனையிலும் மரை வெட்டியிருக்கும். ஒவ்வொரு முனையும் ஒரு டிரன்னியனுக்குள், அதாவது உள்ளே மரை வெட்டிய ஓர் உலோகக் கூட்டுக்குள், திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிங்பின் சுழல்வது இந்த மரைக்குள்தான், பேரிங் எதுவும் இல்லை.

இப்போது எடை எப்படிப் போகிறது என்று பாருங்கள். சாலை சக்கரத்தை மேலே தள்ளுகிறது, அதோடு கிங்பின்னும் மேலே போகப் பார்க்கிறது. டார்ஷன் பார் லோயர் ஆர்மையும் கீழ் டிரன்னியனையும் கீழே அழுத்துகிறது. ஆக, வண்டியின் அந்த மூலைப் பாரம் முழுவதும் கீழ் டிரன்னியனுக்குள் இருக்கும் சில சுற்று மரையில் தொங்குகிறது. மேல் டிரன்னியனுக்கு இந்தப் பாரம் வராது. கிங்பின்னை நேராகப் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை சரி. கீழ் மரை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் கிங்பின் அதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும், வண்டி மூக்குக் குத்தி நிற்கும். பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கையில் நடக்கிறது என்பது ஓர் ஆறுதல். வேகமாகப் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது.

அதனால் கழற்றுவதற்கு முன் முதல் சோதனை அங்கேதான். வண்டியைத் தூக்கி, சாசிக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பினேன். கண் டயரில் இருந்தால் பிரயோஜனமில்லை. கிங்பின்னும் கீழ் டிரன்னியனும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இடது பக்கம் அந்த இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்கே தெரிந்தது. வலது பக்கத்திலும் ஆட்டம் உண்டு, ஆனால் குறைவு. மோசமானதிலிருந்து தொடங்கலாம் என்று இடது பக்கத்தை எடுத்தேன்.

டார்ஷன் பாரைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பயம் நியாயம்தான், முறுக்கேறிய கம்பி ஆளை அடித்துவிடும். முறை தெரிந்தால் அவ்வளவு ஆபத்தில்லை. வண்டி ஸ்டாண்டில் உறுதியாக நின்றதும் சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்முக்கு நேர் அடியில் ஜாக்கியைக் கொடுத்து, பாரம் ஜாக்கிக்கு மாறும் வரை தூக்கினேன். பிறகு மேல் டிரன்னியனை ஷாக் அப்சார்பர் கையிலிருந்து விடுவித்து, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஆர்ம் தொங்கிக்கொண்டே கீழே வந்து, ஓர் இடத்தில் ஜாக்கியை விட்டுப் பிரிந்தது. அதோடு முறுக்கு தீர்ந்தது. பிரேக் ஹோஸில் டிரம்மின் எடை விழாமல் ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். இதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு கையால் டிரம்மைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கம்பி தேடும் கூத்து இருக்காது.

ஆர்ம் எடையில்லாமல் தொங்கும் அந்த உயரத்தை அளந்து எழுதிக்கொண்டது முக்கியம். பார் ஆர்மோடு சேருமிடம் பல்பல்லாக வெட்டியது. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளினாலும் வண்டியின் ஒரு பக்கம் ஏறி நிற்கும் அல்லது இறங்கி நிற்கும். பாருக்கும் ஆர்முக்கும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். பஞ்ச் வைத்து அடையாளம் அடிப்பது, கோடு கீறுவது எல்லாம் இங்கே கூடாது. ஓயாமல் முறுக்கப்படும் எஃகில் சின்னக் கீறலும் விரிசலுக்கு விதை. இடது பாரை வலது பக்கம் மாற்றிப் போடுவதும் கூடாது; ஒரு திசையில் முறுகிப் பழகிய கம்பியை எதிர்த்திசையில் முறுக்குவதாகிவிடும்.

டை பாரின் முன் நுனியில் இருந்த ரப்பர்களை எடுத்ததும் பிரேக் சத்தத்துக்குக் காரணம் தெரிந்தது. பாதி ரப்பர் தூளாகியிருந்தது. லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் ஓடாமல் பிடிப்பது அந்த டை பார்தான். பிரேக் போட்டால் சக்கரம் பின்னால் இழுக்கப்பட்டு, இரும்பு இரும்பின்மேல் இடித்திருக்கிறது.

லோயர் ஆர்மின் உள்பக்க முனையைப் பிடிக்கும் ஐபோல்ட்டின் (வளையம் வைத்த போல்ட்) ரப்பர் புஷ்தான் பாடுபடுத்தியது. பழைய ரப்பர் துருவோடு சேர்ந்து அந்த வளையத்துக்குள்ளேயே பிறந்ததுபோல் இருந்தது. ரப்பரை அறுத்து எடுத்து, துருவைச் சுரண்டி, நீளமான போல்ட்டும் இரண்டு சாக்கெட்டும் வைத்துப் புதியதை மெதுவாக இழுத்து உட்காரவைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். அது நாள்பட உழைக்கும் என்பது சரி. ஆனால் மேடுபள்ளத்தின் அதிர்வை அப்படியே ஸ்டியரிங்குக்குக் கொண்டுவருவதும், காய்ந்தால் கிறீச்சிடுவதும் எனக்குப் பிடிக்காது. வண்டியை வடிவமைத்தவர் ரப்பரை நினைத்து வடிவமைத்தார், ரப்பரே இருக்கட்டும்.

கிங்பின்னைத் துடைத்துப் பார்த்தபோது மேல் மரை நன்றாகவே இருந்தது. கீழ் மரையின் முகடுகள் கத்திமுனைபோல் மெலிந்திருந்தன. பழைய கிரீஸ் மெழுகாய் இறுகி, கிரீஸ் அடிக்கும் நிப்பிளிலிருந்து வரும் துளையை அடைத்திருந்தது. ஆக, முந்தைய உரிமையாளர் கிரீஸ் அடித்திருந்தாலும் அது வெளியே வழிந்திருக்குமே தவிர மரைக்குப் போயிருக்காது. கிங்பின்னையும் இரண்டு டிரன்னியன்களையும் புதிதாகவே போட்டேன். புது டிரன்னியனைப் பழைய மரையில் ஏற்றுவது காசை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றும், ஆட்டம் சீக்கிரமே திரும்பி வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: இடது வலது மரைகள் எதிரெதிர்த் திசை. பக்கம் மாறினால் ஏறவே ஏறாது. டிரன்னியனைத் திருகும்போது தூசி தடுக்கும் வளையத்தைப் போட்டு, முட்டும் வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் திருப்பி எடுக்க வேண்டும். முட்டிய நிலையிலேயே விட்டால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மரை இறுகி நின்றுவிடும். இரண்டு பக்கமும் முழுத் திருப்பம் தடங்கலின்றிக் கிடைக்கிறதா என்று மேசையிலேயே சுழற்றிப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு குழப்பம். டிரயம்ஃப் ஹெரால்டிலும் கீழே மரைபோட்ட டிரன்னியன்தான், அதற்கு இபி 90 என்ற கியர் ஆயில் விடச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு மைனருக்கும் ஆயில் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. மைனரின் கையேடு சொல்வது கிரீஸ். நான் 1000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடிப்பதாக இருக்கிறேன். பாரத்தோடு நிற்கும்போது மரையின் ஒரு முகம் இறுகிக் கிடக்கும், கிரீஸ் அங்கே போக வழியில்லை.

ஷாக் அப்சார்பருக்கு அதிக வேலை இல்லை. கையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் எல்லா இடத்திலும் ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் சும்மா ஓடியது, ஆயில் குறைவு. மூடியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, அதற்குரிய ஆயிலை ஊற்றி அசைக்க அசைக்க காற்று வெளியேறி எதிர்ப்பு சீரானது. அச்சில் ஆட்டமும் இல்லை, கசிவும் இல்லை. இருந்திருந்தால் வீட்டில் வைத்துச் சரிசெய்கிற காரியமல்ல, மாற்றித்தான் ஆக வேண்டும்.

திரும்பக் கட்டுவது கழற்றிய வழியிலேயே. ரப்பர் புஷ் இருக்கும் நட்டுகளை மட்டும் கையிறுக்கமாக விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி ஆட்டிவிட்ட பிறகு முழுக்க இறுக்கினேன். ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால், தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் ஸ்பிளிட் பின் எல்லாம் புதிது.

கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் சத்தம் போய்விட்டது. முனகல் மட்டும் இன்னும் கேட்கிறது, இப்போது வலது பக்கத்திலிருந்து மட்டும். அடுத்து அதைத்தான் பிரிக்க வேண்டும். அங்கே ஐபோல்ட் நட்டு அசைய மறுக்கிறது, துரு இளக்கும் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கிறது. டோ-இன் (முன் சக்கரங்கள் முன்புறத்தில் லேசாக உள்நோக்கி ஒடுங்கியிருப்பது) அளவு 3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மிமீ. இரண்டு பக்கமும் முடிந்த பிறகு நூல் கட்டி அதைச் சரிபார்க்க வேண்டும். அதுவரை புது டயர் போடுவதாக இல்லை.