81 காகிதக் கீற்றும் ஒரு வைவாவும்

டிஎன்ஏ கணிப்பில், அதாவது டியூபில் இருக்கும் டிஎன்ஏ இழைகளை வைத்துக் கணக்குப் போடும் முறையில், செமினார் எடுக்கப் போகிறீர்களா? முதல் முறை நான் சொதப்பியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் எம்.எஸ்சி. படித்த காலம். கிராஃபில் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படம்) ஒரே கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் வராமல் டிஎன்ஏவை வைத்து நிறம் பூசுவதுதான் என் தலைப்பு. 40 ஸ்லைடு தயார் செய்திருந்தேன். "கோடிக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் கணக்குப் போடும்" என்று ஆரம்பித்ததுமே பேராசிரியர் கேட்டார்: "நாலு புள்ளி, மூணு நிறம். டியூபில முதல்ல எத்தனை வகை இழை இருக்கும்?" எனக்கு வாயே திறக்கவில்லை. போதாக்குறைக்கு, டிஎன்ஏ கணிப்பை முதலில் செய்துகாட்டிய ஏடில்மன் 1994-ல் கிராஃபுக்கு நிறம் பூசினார் என்று வேறு சொல்லிவைத்தேன். ஏடில்மன் செய்தது 7 புள்ளிகளில் ஹாமில்டன் பாதை, அதாவது எல்லாப் புள்ளியையும் ஒரே ஒரு முறை தொட்டுச் செல்லும் பாதை, தேடியது. நீங்களும் அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அன்று இரவு லேப்டாப்பை மூடிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் என நாலு தாலுகா. எல்லை ஒட்டியிருக்கும் இரண்டுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. கடலூரும் விருத்தாசலமும் மட்டும் ஒட்டவில்லை. தாலுகா ஒரு புள்ளி, ஒட்டிய எல்லை ஒரு கோடு என்றால், ஆக ஐந்து கோடு. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஏதோ ஒன்று என்றால் 3×3×3×3, மொத்தம் 81 கீற்று. எழுதி, நறுக்கி, கூடத்துத் தரையில் பரப்பி முடித்த நேரத்தில் தம்பி வந்து ஃபேனைப் போட்டான். அதை விடுங்கள்.

ஒரு கீற்று, ஓர் இழை. 'கடலூர் சிவப்பு' என்பதற்கு டிஎன்ஏவின் A, T, G, C எழுத்துகளால் ஆன 20 எழுத்தில் ஒரு தனி வரிசை. அப்படி நான்கைக் கோத்தால் 80 எழுத்து இழை. இனி சலிக்க வேண்டும். 'கடலூர் சிவப்பு' வரிசைக்கு ஜோடியான துண்டைக் காந்த மணிகளில் ஒட்டி டியூபில் விட்டால், அந்த வரிசை உள்ள இழைகள் மணியில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தால் இழுத்து வேறு டியூபில் பிரித்தெடுங்கள். அதில் 'பண்ருட்டி சிவப்பு' இருப்பவற்றை அதே முறையில் பிடித்துக் கொட்டிவிட்டு, மிச்சத்தைப் பழைய டியூபிலேயே ஊற்றுங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் இதே வேலை. ஒரு கோடு முடிந்தது.

தரையில் 81 கீற்று 54 ஆனது. அப்புறம் 36, 18, 12, கடைசியில் 6. மிஞ்சிய ஆறும்தான் சரியான விடைகள். அந்த ஆறிலும் கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் ஒரே நிறம். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அடுத்து, 'இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் எல்லோரும் பயன்படுத்தவில்லை?' என்று கேட்பார்கள். வேலையின் அளவு கோடுகளைப் பொறுத்தது. ஐந்து கோட்டுக்கு 15 சுற்றுதான். இழைகளோ ஒரு புள்ளி கூடினால் மூன்று மடங்காகும். 20 புள்ளிக்குச் சுமார் 349 கோடி வகை, டியூபில் அடங்கிவிடும். 50 புள்ளிக்கு அவகாட்ரோ எண்ணையே (சுமார் 6-க்குப் பின் 23 சைபர்) தாண்டுகிறது. வகைக்கு ஒரே ஓர் இழை, இழைக்கு 1,000 எழுத்து என்று வைத்தாலும் நான் போட்ட கணக்கில் கிட்டத்தட்ட 390 கிலோ வந்தது. நேரத்தில் மிச்சம் பிடித்ததை எடையில் கட்டுகிறோம். இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். மணிகள் எல்லா இழையையும் பிடித்துவிடாது, அதனால் ஒவ்வொரு வகையிலும் நிறையப் பிரதி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் 81 கீற்றுக் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு, "சரி, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். இந்த நாலுக்கும் எத்தனை நிறம் வேணும்?" என்றார். மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். மாஹே கேரளப் பக்கம், ஏனாம் ஆந்திரப் பக்கம் என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு போதும் சார்."