பத்தாவது முடித்து வெளிநாட்டு விடுதிப் பள்ளிக்குப் போகும் சேலம் பிள்ளைகளுக்கு

பதினொன்று, பன்னிரண்டை வெளிநாட்டு உறைவிடப் பள்ளியில் ஐபி டிப்ளமோவாக (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது சேலத்திலும் ஏற்காட்டிலும் கூடிவிட்டார்கள். விண்ணப்பத்தைத் தொடும் முன்பே வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டு வருஷம் கழித்து எங்கே, என்ன படிக்கப் போகிறோம்? இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள்.

டாக்டர் கனவு இருந்தால் முதலில் பாடக் கட்டமைப்பைப் பாருங்கள். ஐபியில் ஆறு பாடம்: தாய்மொழி அல்லது முதல் மொழி, இரண்டாம் மொழி, வரலாறு பொருளாதாரம் போன்ற சமூகப் பாடம், அறிவியல், கணிதம், ஆறாவதாகக் கலைப் பாடம். அந்தக் கலைப் பாடத்துக்குப் பதில் இன்னொரு அறிவியல் எடுக்கலாம். ஆக, வழக்கமான டிப்ளமோவில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம். நீட்டுக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றையும் எடுக்க வேண்டுமானால், சேரப்போகும் நாட்டின் பல்கலைக்கழக விதியைக் காரணம் காட்டிப் பள்ளி வழியாக ஐபியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். எல்லாப் பள்ளியும் இதற்கு முன்வராது. பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளருக்குச் சேருவதற்கு முன்பே எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் கால அட்டவணையில் இடம் இருக்காது.

தேதியும் இடிக்கும். ஐபி இறுதித் தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை ஓடும். நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. வெள்ளிக்கிழமை வேதியியல் தாள் எழுதிவிட்டு, நீட் மையம் இருக்கும் நகரத்துக்கு விமானம் ஏறி, திங்கள்கிழமை அடுத்த தாளுக்குத் திரும்புவது நடக்கிற காரியமா என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். ஐபி ரிசல்ட் ஜூலை முதல் வாரம்தான் வரும். அதற்குள் இங்கே விண்ணப்பங்கள் முடிந்துவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதை இரண்டு முறை படியுங்கள். மருத்துவத்தில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பத்தோடு வெளியேறினால் அது போய்விடும், திரும்பக் கிடைக்காது. மாநில ஒதுக்கீட்டுக்கும், மேல்நிலையை வெளியே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். இந்தியாவிலேயே மருத்துவம்தான் என்று உறுதியாக இருப்பவர்கள் இங்கேயே பிளஸ் டூ முடிப்பதுதான் சரி. அதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

பட்டப் படிப்பையும் வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வழி முழுப் பலன் தரும். கட்டணம் கட்ட வசதி இல்லாத வீடுகள் முதலில் பார்க்க வேண்டியது யுடபிள்யூசி (யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ்) பள்ளிகளை. 1962-ல் வேல்ஸில் அட்லாண்டிக் காலேஜில் தொடங்கிய இந்த அமைப்புக்கு இன்று 18 பள்ளிகள். புனே அருகிலும் ஒன்று இருக்கிறது. இந்தியத் தேர்வுக் குழு வழியாகப் போனால், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தீர்மானிக்கிறார்கள். படித்து முடித்தவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் டேவிஸ் உதவித்தொகை என்ற கதவும் உண்டு. என்ஜினீயரிங் நோக்கம் இருந்தால் கணிதத்தில் கவனம் தேவை. ஐபியில் இரண்டு வகைக் கணிதம் இருக்கிறது: பகுப்பாய்வு சார்ந்தது ஒன்று, பயன்பாடு சார்ந்தது இன்னொன்று. ‘பயன்பாடு’ கணிதத்தை உயர்நிலையில் எடுக்காமல் சாதாரண நிலையில் (ஸ்டாண்டர்டு லெவல்) எடுத்தால் சுலபம் என்று எடுத்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் அதிகம். பல என்ஜினீயரிங் துறைகள் அதை ஏற்பதில்லை.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் வெளிநாட்டுக் கவுன்ட்டரில் புரியாது. பத்தாவது மார்க் ஷீட்டில் ‘கவின் ஆர்’ என்று இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். இனிஷியலை விரித்து, கவின் என்பதைப் பெயரிலும் ராஜேந்திரன் என்பதைக் குடும்பப் பெயரிலும் போடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் ‘கவின்’ குடும்பப் பெயராகிவிடும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகும். பிறகு வங்கிக் கணக்கு, விமான டிக்கெட், தேர்வுப் பதிவு என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கிக்கொண்டே நிற்க வேண்டும். பள்ளிக்குப் போன முதல் வாரமே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் ஐபி பதிவுக்குக் கொடுக்க வேண்டும். டிப்ளமோவில் அதுதான் அச்சாகும்.

பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் 1,500 ரூபாய் கட்டிப் பத்து வருஷ பாஸ்போர்ட்டே கேட்கலாம். 1,000 ரூபாய் சிறார் பாஸ்போர்ட் பதினெட்டு வயதில் காலாவதியாகும். அது சரியாக இரண்டாம் வருஷத் தேர்வு நேரத்தில் வந்து நிற்கும். இன்னொன்று: விசா கையில் வரும்வரை இங்கே டிசி வாங்காதீர்கள், பதினொன்றாம் வகுப்பு இடத்தையும் விடாதீர்கள். பணம் அனுப்புவதைப் பொறுத்தவரை, ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனாக அனுப்பினால் அந்தப் பிடித்தம் இல்லை.

இனி படிப்பு. சமச்சீர்ப் புத்தகத்தைப் பின்பக்கக் கேள்வியோடு கரைத்துக் குடித்த பிள்ளைக்கு முதல் பருவம் அதிர்ச்சியாக இருக்கும். ஐபி கேள்வியில் வினைச்சொல்தான் உயிர். ‘விவரி’ என்றால் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ‘விளக்கு’ என்றால் காரணமும் வேண்டும். ‘மதிப்பிடு’ என்றால் இரண்டு பக்கத்தையும் எடை போட்டு ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். மேட்டூர் அணை ஒரு நீர்வள மேலாண்மைத் திட்டமாக எவ்வளவு வெற்றி என்று மதிப்பிடச் சொன்னால், நம் பிள்ளை 1934-ல் கட்டி முடித்தது, 120 அடி, 93.47 டிஎம்சி என்று ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதும். மார்க் கால்வாசிதான் வரும். டெல்டாவுக்குக் கிடைத்த பாசனத்தை ஒரு தட்டிலும், நீரில் மூழ்கிய ஊர்கள், சேரும் வண்டல், கர்நாடகத் தண்ணீரை நம்பியிருக்கும் நிலை ஆகியவற்றை இன்னொரு தட்டிலும் வைத்து, எது கனம், ஏன் என்று எழுதினால்தான் மேல் மதிப்பெண். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே பழைய வினாத்தாள் நான்கை எடுத்து, விடை எழுதாமல் வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுப் பழகினால் தேர்வு பாதி சுலபம்.

புத்தக வரியை அப்படியே எழுதினால் இங்கே முழு மார்க். அங்கே மேற்கோள் குறியும் மூலமும் இல்லாமல் ஒரு பத்தியை எடுத்தெழுதினால் நேர்மை மீறல், டிப்ளமோவே பறிபோகலாம். கெட்ட எண்ணத்தால் இது நடப்பதில்லை, பத்து வருஷப் பழக்கத்தால் நடக்கிறது. ஆகவே குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணோடு எடுங்கள்.

மதிப்பெண் கணக்கு: பாடத்துக்கு 7, ஆறுக்கு 42. நீள் கட்டுரைக்கும் (சொந்த ஆய்வுக் கேள்வி ஒன்றை வைத்து எழுதுவது) அறிவுக் கோட்பாட்டுக்கும் (எதை, எப்படி அறிகிறோம் என்று ஆராயும் கட்டாயப் பாடம்) சேர்த்து 3. மொத்தம் 45, தேற 24. நீள் கட்டுரை 4,000 சொல்லுக்குள். இதில் நம் பிள்ளைகளுக்குப் பெரிய சாதகம் ஒன்று இருக்கிறது: முதல் வருஷ விடுமுறையில் ஊருக்கு வரும்போது தரவைச் சொந்தமாகச் சேகரிக்கலாம். இணையத்தில் எடுத்த எண்களை வைத்து எழுதுபவர்களுக்கு நடுவில் அது தனியாகத் தெரியும்.

ஏற்காடு மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டருக்குச் சராசரி 6.5 டிகிரி குறையும் என்று பாடம் சொல்கிறது, அப்படியென்றால் எட்டு டிகிரி வித்தியாசம் வர வேண்டும். பனிமூட்டமான காலையிலும் தெளிந்த மதியத்திலும் இந்த வேகம் ஒன்றுதானா? இது புவியியலில் நல்ல ஆய்வுக் கேள்வி. அடிவாரம், 4, 8, 12, 16, 20-ம் கொண்டை ஊசி வளைவுகள், ஏரிக்கரை என ஏழு இடம். ஐந்து நாள், காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை என்றால் எழுபது அளவு. வளைவிலேயே வண்டியை நிறுத்தாதீர்கள், தாண்டி அகலமான ஓரத்தில் நிறுத்துங்கள். வெப்பமானி நிழலில், நெஞ்சு உயரத்தில், வண்டி என்ஜினிலிருந்து தள்ளி, ஐந்து நிமிஷம் நிலைத்த பிறகு படிக்க வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான். ஆறு மணிக்கு அடிவாரத்தில் அளந்து, ஏழேகாலுக்கு மேலே போய் அளந்தால், அதற்குள் வெயில் ஏறி ஊரே சூடாகியிருக்கும். உயரத்தால் வந்த மாற்றமும் நேரத்தால் வந்த மாற்றமும் கலந்துவிடும். அதே மாதிரி இன்னொரு வெப்பமானியை அடிவாரத்தில் தம்பியிடமோ அப்பாவிடமோ கொடுத்து, கால் மணிக்கு ஒரு முறை குறிக்கச் சொல்லுங்கள். மேலே எடுத்த ஒவ்வொரு அளவையும் அதே நேரத்து அடிவார அளவிலிருந்து கழித்தால் சுத்தமான வித்தியாசம் வரும். கிளம்பும் முன் இரண்டு வெப்பமானியையும் ஒரே தம்ளர் தண்ணீரில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதி வையுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிருங்கள். கேள்வியையும் முறையையும் வழிகாட்டி ஆசிரியரிடம் ஊருக்குக் கிளம்பும் முன்பே காட்டிவிட வேண்டும், பிறகு காட்டினால் எழுபது அளவும் வீணாகலாம். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் அமிலத்தன்மை, சுரங்க ஓரத்து மண் என்று யோசிப்பவர்கள் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும்.

விடுதி வாழ்க்கையில், ஏற்காட்டுப் பள்ளிகளில் மணியடித்தால் எழுந்து பழகியவர்களுக்குப் பாதிச் சிரமம் இல்லை. வீட்டிலிருந்து போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தங்கள் துணியைத் தாங்களே துவைத்து, பொத்தான் தைத்துப் பழகட்டும். ஏற்காட்டுக் குளிரை வைத்து நார்வே குளிரைக் கணிக்காதீர்கள். இங்கே தடிமனான ஸ்வெட்டர் வாங்கிப் பெட்டியை அடைக்க வேண்டாம், உள்ளே மெல்லிய கம்பளி இரண்டு இருந்தால் போதும். மேல் கோட்டு அங்கேயே, மூத்த மாணவர்கள் விட்டுப்போனதில் கிடைக்கும். குளிரைவிட இருட்டுதான் படுத்தும். அந்த நாட்டில் டிசம்பர் நடுவில் பல இடங்களில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. மதிய இடைவேளையில் தவறாமல் வெளியே நடக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கெட்டியாகச் சுண்டவைத்த புளிக்காய்ச்சல் எடுத்துப்போகலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நெய், பால்கோவா, கறி வகை எதுவும் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். விடுதிச் சமையலறையில் கடுகு தாளித்தால் புகைமணி அலறி, முழுக் கட்டடமும் நள்ளிரவில் குளிரில் வெளியே நிற்கும். புளிக்காய்ச்சலை வீட்டிலேயே தாளித்துக் கொடுத்தனுப்பச் சொல்வது அதற்காகத்தான்.

பெற்றோர் தினமும் போன் செய்ய வேண்டாம். ஞாயிறு ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரம் பிள்ளை அழுதால் உடனே டிக்கெட் தேடாமல், விடுதிப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். பாதியில் திரும்பினால் ஒரு வருஷம் போகும் என்று கணக்கு வைக்க வேண்டியிருக்கும். தீபாவளி அங்கே வகுப்பு நாள். அந்த வாரம் தேர்வு இருக்கிறதா என்று முன்பே பார்த்து, பண்டிகைக்கு அறையில் நாலு பேருக்குப் புளிசாதம் கிளற அனுமதி கேட்டு வைக்கலாம்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று: டிசம்பர் விடுமுறையில் பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். மூன்று வாரம் எங்கே தங்குவது என்பதை அக்டோபருக்குள் முடிவு செய்யுங்கள். ஊருக்கு வருவதாக இருந்தால் டிக்கெட், இல்லையென்றால் பள்ளி ஏற்பாடு செய்யும் விருந்தினர் குடும்பம். அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி இருக்கும்.