கடைசி எலக்ட்ரான் எந்தப் பக்கம்?

டியூட்டீரியம் எனும் கன ஹைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்கருக்களும் அச்சு அசலாக ஒன்றே. கடும் லேசர் ஒளி ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டு, எஞ்சிய பிணைப்பையும் உடைக்கும்போது, மிச்சமிருக்கும் ஒற்றை எலக்ட்ரான் எந்த அணுக்கருவோடு போகும்? அதை நாம் தீர்மானிக்கலாம் என்று 2006-இல் 5 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு)த் துடிப்புகளைக் கொண்டு காட்டிவிட்டார்கள். அவ்வளவு குறுகிய துடிப்பு எங்கள் ஆய்வகத்தில் இல்லாததால், முனைவர் பட்டத்துக்காக நான் இரு நிற வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

800 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியை ஒரு படிகத்தில் செலுத்தினால் அதில் ஒரு பகுதி 400 நானோமீட்டர் நீல ஒளியாக மாறும். இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்கள் சேர்ந்தால் ஆற்றல் 3.1 எலக்ட்ரான் வோல்ட். ஒரே நீல ஃபோட்டானும் அதே 3.1. மூலக்கூறு எந்த வழியில் உடைந்தாலும் ஆற்றல் ஒன்றுதான் என்பதால் இரண்டு வழிகளும் அலைகளாகக் கூடுகின்றன. ஒரு வழி சமச்சீரான நிலைக்கும் மற்றது எதிர்ச்சமச்சீரான நிலைக்கும் கொண்டுபோகும். கூட்டினால் எலக்ட்ரான் ஒரு பக்கம், கழித்தால் மறுபக்கம். இதைவிட அழகான குறுக்கீட்டு விளைவை நான் கண்டதில்லை.

பெரும்பாடு வெற்றிட அறையில்தான். எஃகுச் சுவர்களிலிருந்து ஹைட்ரஜன் ஓயாமல் கசியும். உடையாத ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிக்கும் எங்களுக்கு வேண்டிய டியூட்டீரியம் அணு அயனிக்கும் (எலக்ட்ரான் கிடைக்காமல் தெறிக்கும் அணுக்கருவுக்கும்) நிறை எண் 2. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டிடெக்டரை வந்தடையும். அலுமினியத் தாள் சுற்றி அறையை நாள்கணக்கில் சூடேற்றினோம். ஹைட்ரஜன் குறைந்ததே தவிர ஒழியவில்லை. கடைசியில் கைகொடுத்தது வேகம். உடையாத அயனிகள் டிடெக்டரில் பதியும் படத்தின் நடுவில் குவிகின்றன; உடைந்து தெறித்தவை மையத்தை விட்டு விலகி விழுகின்றன. நடுப்பகுதியை ஒதுக்கியதும் தெளிவு பிறந்தது.

பிறகு, ஒளியின் பாதையில் வைத்த ஆப்பு வடிவக் கண்ணாடியை மெல்ல நகர்த்தினேன். கண்ணாடிக்குள் இரு நிறங்களும் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், அதன் தடிமன் மாற மாற அவற்றின் கட்ட வேறுபாடும் (ஓர் அலையின் முகடு மற்றதன் முகட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும்) மாறும். மொத்த அயனிகளின் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மேலே விழுந்தவற்றிலிருந்து கீழே விழுந்தவற்றைக் கழித்தபோதுதான் அலை தெரிந்தது: ஏறி, பூச்சியத்தைக் கடந்து, இறங்கி, மீண்டும் ஏறியது. நீல ஒளியை மறைத்தேன்; அலை அடங்கியது. திறந்தேன், திரும்பி வந்தது. அன்று ஆய்வகத்தை விட்டுக் கிளம்பவே மனம் வரவில்லை.

தரவுகளை ஆற்றல்வாரியாகப் பிரித்து வரைந்தபோது கோடுகள் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருந்தன. சிதறும் வேகத்தைப் பொறுத்து எலக்ட்ரான் பக்கம் மாறும் கட்டமும் நகர்கிறது. ஆய்வேட்டின் அடுத்த அத்தியாயத்தை முழுக்க அந்தச் சாய்வுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.