பெர்சியூஸும் கடவுளின் மகன்தானே?

ஞாயிறு வேத வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் அரசன் ஜீயுஸுக்குப் பிறந்த பெர்சியூஸும் கடவுளின் மகன்தானே? அப்புறம் இயேசு மட்டும் எப்படி ஒரே பேறானவர்?" மற்ற பிள்ளைகள் அவனை அடக்கப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சபையின் தொடக்க காலத்திலேயே எழுந்த கேள்வி அது.

கி.பி. 155 வாக்கில் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு முறையீடு எழுதினார். ஜீயுஸின் பிள்ளைகளை அவரே வரிசைப்படுத்தி, 'கன்னியிடம் பிறந்தார் என்று நாங்கள் சொல்வது உங்களுக்குப் புதிதா? பெர்சியூஸைப் பற்றி நீங்களும் அப்படித்தானே சொல்கிறீர்கள்?' என்ற பொருளில் வாதாடுகிறார். துணிச்சலான வாதம். ஆனால், தீய ஆவிகள் முன்கூட்டியே பரப்பிய போலிக் கதைகள்தான் இவை என்று அவர் தரும் விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கதைகளையே அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

பெர்சியூஸின் தாய் டனாயியை அவள் தந்தை வெண்கல அறையில் பூட்டி வைக்கிறான். ஜீயுஸ் பொன்மழையாக உள்ளே இறங்குகிறான். ஹெராக்ளீஸ் என்ற வீரனின் தாய் அல்க்மீனியிடம் அவள் கணவனின் உருவத்திலேயே வருகிறான். வந்தவன் யார் என்றே அவளுக்குத் தெரியாது. லூக்கா எழுதியதில் ஆசையும் இல்லை, மாறுவேடமும் இல்லை. தூதன் முதலில் செய்தியைச் சொல்கிறான். மரியாள் "இது எப்படியாகும்?" என்று கேட்கிறாள். பதிலைக் கேட்டபின் "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்கிறாள். ஒரு பெண்ணாக நான் இந்தச் சம்மதத்தை எளிதில் கடந்துபோக மாட்டேன்.

ஆனாலும் பெரிய வேறுபாடு பிறப்பில் இல்லை. பொன்மழைக்கு முன் பெர்சியூஸ் என்று ஒருவன் இல்லை. ஜீயுஸ் அவனுக்குத் தந்தையானது அன்றுதான். இயேசுவோ பெத்லகேமில் பிறந்ததால் மகனானவர் அல்லர். ஆதியிலே வார்த்தை இருந்தது என்றுதான் யோவான் தொடங்குகிறார். மகன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்ற, ஆரியுஸ் என்ற குருவின் தரப்புப் போதனையை 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் மறுத்தது. உலகங்கள் எல்லாவற்றுக்கும் முன்னே பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்று ஆராதனையில் நாம் அறிக்கையிடுவது அந்த மறுப்பின் தொடர்ச்சிதான்.

இயேசுவை முதலில் கடவுளின் மகன் என்று அழைத்தவர்கள் யூதர்கள். "நீர் என்னுடைய குமாரன்" என்ற இரண்டாம் சங்கீதத்தைப் பாடி வளர்ந்தவர்கள். கிரேக்கத் தேவர்களின் ஒலிம்பஸ் மலைக் கதைகளை அருவருப்பாக எண்ணியவர்கள்.

அந்தப் பையனிடம் கடைசியாக இஃபிக்ளீஸைப் பற்றிச் சொன்னேன். ஹெராக்ளீஸோடு ஒரே கருவறையில் இருந்து பிறந்த இரட்டையன். ஆனால் அவன் அல்க்மீனியின் கணவனுக்குப் பிறந்தவன். அண்ணன் தேவர்களோடு சேர்ந்துவிட்டான், தம்பி மண்ணோடு போனான். பவுலோ ரோமருக்கு எழுதும்போது, அநேக சகோதரருக்குள்ளே முதற்பேறானவர் என்று இயேசுவைச் சொல்கிறார். இஃபிக்ளீஸைப் போன்றவர்களுக்கும் அந்த வீட்டில் இடம் உண்டு.