காசிராமக்ரியாவுக்கு எக்கோ வைத்தவர்களுக்கு

நேற்று ராத்திரி கேட்ட கச்சேரியின் இரைச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு நாளில் ராமேஸ்வரம் போய்வர எவ்வளவு ஆகும், எங்கே தங்கலாம் என்று எழுதத்தான் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். அந்தக் கணக்கு பிறகு.

மதுரையிலிருந்து நானும் பெரியம்மாவும் பஸ் ஏறினோம். பெரியம்மா பன்னிரண்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவர். மண்டபத்துக்கு முன்னால் ஒரு கடற்கரை ஊரில் கச்சேரி என்று வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்திருந்தது. அதில் காசிராமக்ரியா ராகத்தில் முத்துசுவாமி தீட்சிதர் செய்த 'ராமநாதம் பஜேஹம்' கீர்த்தனை பாடப்படும் என்று தனியாகப் போட்டிருந்தார்கள். "ராமநாதர் மேல பாடுன பாட்ட ராமநாதர் சீமையிலயே ஒரு தடவ கேட்டுரணும்டி" என்றார். மறுநாள் கோயில், முதல் நாள் கச்சேரி என்று முடிவானது அப்படித்தான்.

மதியம் பன்னிரண்டரைக்கு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டோரம் ஓலைக் கொட்டகையில் ஓர் அக்கா சாப்பாடு போட்டார். பாறை மீன் குழம்பும் சூடை வறுவலும். இந்தப் பக்கத்துக் குண்டு மிளகாயை அரைத்து ஊற்றிய குழம்பு. காரம் நாக்கைக் கடிக்காமல் தொண்டைக்குள் மெதுவாக ஏறுகிறது. சூடையை முள்ளோடு மென்று தின்னலாம், அவ்வளவு மொறுமொறுப்பு. இரண்டாவது தடவை சோறு கேட்டதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து 340 ரூபாய். இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு அதுதான்.

ஆறரைக்கு என்று போட்ட கச்சேரி ஏழே முக்காலுக்குத் தொடங்கியது. அதைக்கூட மன்னித்துவிடலாம். மைக் செட்டை மன்னிக்கவே முடியாது. முந்தின நாள் அதே பந்தலில் மெல்லிசைக் கச்சேரியாம். அதற்கு வைத்த எக்கோவை யாரும் குறைக்கவில்லை. பாடகர் 'ச' என்றால் பந்தல் ஒரு தடவை 'ச' என்றது, தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் இன்னொரு தடவை 'ச' என்றது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், அடி விழும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி அதிர்ந்தது. வயலின்காரர் வில் போடுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவேயில்லை.

பாடகரையும் நான் விடப்போவதில்லை. தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்றதும் நிறுத்திச் சரிசெய்யச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சத்தத்தைக் கூட்டினார். ஹம்சத்வனி ராகத்தில் இரண்டாம் காலத்து ஸ்வரம், அதாவது இரட்டை வேகம், தொடங்கியதும் முதல் சுற்றின் எதிரொலி இரண்டாவது சுற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "நாலு பேரு ஒரே நேரத்துல படியில உருண்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார் பெரியம்மா. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் கை அப்போது நின்றது. அவர் தாளத்தை விட்டு நான் பார்த்ததே இல்லை.

பிறகு காசிராமக்ரியா வந்தது. 51ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, காமவர்த்தினிக்குத் தீட்சிதர் வழியில் அதுதான் பெயர். அந்த ராகத்தில் சட்ஜத்தை (ச) ஒட்டியே ரிஷபம் (ரி), பஞ்சமத்துக்கு (ப) ஒரு பக்கம் பிரதி மத்யமம் (ம), மறுபக்கம் சுத்த தைவதம் (த). எல்லாம் அரை ஸ்வர தூரத்தில் தோளோடு தோள் இடித்து நிற்பவை. மத்யமத்தில் நின்று பஞ்சமத்துக்கு நகர்கிற அந்த நொடியில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. அங்கே எக்கோ வைத்தால் என்ன ஆகும்? மத்யமத்தின் வால் பஞ்சமத்தோடு மோதி, சுத்தமாகப் பாடினாலும் அபஸ்வரமாகவே விழும். கல்யாணியாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

கீர்த்தனையையும் அவசரப்படுத்தினார். தீட்சிதர் கீர்த்தனையில் சொல்லும் ஸ்வரமும் தேர் மாதிரி அசைந்து வர வேண்டும். இவர் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே, மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் சொல்லை வெட்டினார். எந்த ஊரில் பாடுகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா? 1860இல் பிறந்த பாடகர் பூச்சி சீனிவாச ஐயங்காரைப் போற்றி வைத்திருந்த சேதுபதி சமஸ்தானத்து மண் இது. இன்றைய கச்சேரிக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவருடைய சீடர்தான்.

மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் நான்கு நிமிஷம்கூட ஓடவில்லை. விழாக் குழுவினர் பொன்னாடைகளோடு மேடை ஏறிவிட்டார்கள். எண்ணினேன், பதினொரு சால்வை. பேச்சு முப்பத்தைந்து நிமிஷம். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராமநாதபுரம் முருகபூபதியின் பெயரால் மிருதங்கம் பேசப்பட்ட சீமையில் தனிக்கு நான்கு நிமிஷம், சால்வைக்கு முப்பத்தைந்து! நன்கொடை என்று 200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். அதைத் திருப்பிக் கேட்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாவுக்கு நிற்கவில்லை. கடைசி பஸ் போயிருந்தது. லாட்ஜ் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோத் தம்பி 600 என்றார். பகலில் 250 கொடுத்த தூரம். பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறிக்கொண்டோம்.

கருவேலங்காட்டுக்கு நடுவே வண்டி போகும்போது தம்பி கேட்டார்: "பாட்டு எனக்கு ஸ்டாண்டுலயே கேட்டுச்சும்மா. அது ஏன் அவரு எல்லா வார்த்தையையும் ரெண்டு ரெண்டு தடவ சொல்றாரு? அதுதான் அந்தப் பாட்டோட முறையா?"

பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. "இல்ல தம்பி, அது இப்படி" என்று அந்த இருட்டில் பல்லவியை எடுத்தார். எழுபத்தொரு வயதுக் குரல், மேலே போகும்போது நடுங்குகிறது. ஆனால் மத்யமம் மத்யமமாக நின்றது. தம்பி வண்டியை மெதுவாக்கினார். இடது பக்கம் உப்புக்காற்று, எங்கோ ஒரு நாய், வேறு சத்தம் இல்லை.

லாட்ஜ் வாசலில் சரணம் பாக்கி இருந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து, முடியும்வரை கேட்டார். பிறகு 600 ரூபாயையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.